மாடு முளைத்த மனிதர்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தன?

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரலையில் திரையில் காட்டிய படங்களை, வாசிப்பவர்களுக்காகச் சொற்களில் விவரித்திருக்கிறேன்.)

உங்களில் சிலருக்கு இது காலைத் தேநீர் நேரம். சிலர் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டோடு திரைக்கு முன்னால் இருக்கிறீர்கள்.

நான் தொழிலால் தாதி. தாதியர் பயிற்சியில் டிப்ளோமா முடித்து, வாழ்க்கையில் பாதியை ஊசியும் பஞ்சுமாகக் கழித்தவள். கலை வரலாற்றை முறையாகப் படித்ததில்லை. ஆனால் புதிய இயந்திரங்களையும் புதிய மருத்துவத்தையும் கிண்டல் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பெரிய அருங்காட்சியகங்கள் பல அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. இரவு வேலை முடிந்து நித்திரை வராத காலைகளுக்கு அவை நல்ல துணை.

இந்தப் படங்களைப் பற்றி வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பாருங்கள், அந்தக் காலத்து மக்கள் எவ்வளவு அறியாமையில் இருந்தார்கள்" என்று சிரிப்பது ஒன்று. "பாருங்கள், இன்றைக்கு வரப்போவதை அப்போதே சொல்லிவிட்டார்கள்" என்று வியப்பது மற்றது. எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. ஒரு படம் சரியாக ஊகித்ததா, பிழையாக ஊகித்ததா என்பதைவிட, அது யாரைப் பார்த்துச் சிரித்தது என்று கேட்டால்தான் அதிகம் தெரியவருகிறது. இன்று சில படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம்.

சிரிப்பு விற்ற கடைகள்

முதலில் இந்தப் படங்கள் எப்படி உலாவின என்பதைச் சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பத்திரிகையில் வரவில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, தனித் தாள்களாக அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டி, லண்டனில் அதற்கென்றே இருந்த கடைகளில் விற்றார்கள். விலை கூலித் தொழிலாளி வாங்கக்கூடியதாக இல்லை. ஆனால் கடைக்காரர்கள் புதிய படங்களை யன்னல் கண்ணாடியில் ஒட்டி வைப்பார்கள். வாங்க முடியாதவர்கள் வெளியே கூட்டமாக நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கேலிச்சித்திரக்காரரான ஜேம்ஸ் கில்ரேயின் படங்களை ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி செயின்ட் ஜேம்ஸ் தெருவில் வைத்திருந்த கடை விற்றது. கில்ரே குடியிருந்ததும் அதே கட்டடத்தில்தான்.

1841இல் 'பஞ்ச்' என்ற வார இதழ் தொடங்கிய பிறகு கேலிச்சித்திரம் வீட்டுக்குள் வந்தது. 'கார்ட்டூன்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்ததும் அந்த இதழால்தான். சுவரோவியம் வரைவதற்கு முன் தடித்த தாளில் முழு அளவில் வரைந்து பார்க்கும் மாதிரிக்குத்தான் அதற்கு முன் அந்தப் பெயர். 1834இல் எரிந்துபோன நாடாளுமன்றத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய கட்டடத்தின் சுவர்களுக்கு ஓவியம் தேர்ந்தெடுக்க, 1843இல் அப்படிப்பட்ட மாதிரிகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். நாட்டில் பசி. அரசாங்கமோ ஓவியக் கண்காட்சி வைக்கிறது. 'பஞ்ச்' இதழில் ஜோன் லீச் ஒரு படம் வரைந்தார். கந்தல் உடுத்த ஏழைகள், ஊன்றுகோலோடு சிலர், கண்காட்சிச் சுவரில் தொங்கும் செழிப்பான மனிதர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தைக் 'கார்ட்டூன், இலக்கம் 1' என்று இதழ் அழைத்தது. அந்தச் சொல் பசித்தவர்களின் பக்கம் நின்று அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்தபடிதான் நம்மிடம் வந்தது. எல்லாக் கேலிச்சித்திரங்களும் அப்படி இல்லை.

கையில் முளைத்த மாடு

நாற்பது வருடம் பின்னால் போவோம். 1802ஆம் ஆண்டு யூன் 12. கில்ரேயின் புதிய படம் கடைக்கு வருகிறது.

ஓர் அறை. நடுவில் நாற்காலியில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண், மிரண்ட முகத்தோடு. அவள் கையைப் பிடித்துக் கீறிக்கொண்டிருப்பவர் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர். பக்கத்தில் ஓர் ஏழைச் சிறுவன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மாட்டிலிருந்து சுடச்சுட எடுத்த அம்மைப்பால் என்று அதில் எழுதியிருக்கிறது. வலப்பக்கம் முழுக்க ஏற்கனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒருவனுடைய கையிலிருந்து மாடு வெளியே வருகிறது. இன்னொருவருடைய முகத்திலிருந்து, இன்னொருத்தியின் வாயிலிருந்து, சிறுசிறு மாடுகள் கொம்போடும் வாலோடும் பிதுங்குகின்றன. பின்சுவரில் ஓர் ஓவியம் மாட்டியிருக்கிறது. அதிலே மக்கள் முழந்தாளிட்டு ஒரு பொற்கன்றை வணங்குகிறார்கள்.

அந்தப் பொற்கன்று சும்மா அலங்காரத்துக்கு வரையப்பட்டதல்ல. யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில், மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமானபோது மக்கள் நகைகளை உருக்கிச் செய்து வணங்கிய கன்று அது. லண்டன் மக்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்ட கதை. தடுப்பூசியை நம்புவது மாட்டை வணங்குவதற்குச் சமம், அதாவது பாவம் என்று சுவரில் தொங்கும் ஒரு சிறிய படம் சொல்லிவிடுகிறது.

பின்னணி இதுதான். 1796இல் ஜென்னர், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். அந்தச் சிறுவனைப் பெரியம்மை பிடிக்கவில்லை. 1798இல் அதை நூலாக வெளியிட்டார். இலத்தீன் மொழியில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். 'வாக்சின்' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. அதற்கு முன்னும் அம்மை குத்தும் வழக்கம் உண்டு. ஆனால் அது பெரியம்மைப் புண்ணிலிருந்தே எடுத்துக் குத்துவது. பலர் தப்பினார்கள், சிலர் அதனாலேயே இறந்தார்கள். ஜென்னரின் முறையில் அந்த ஆபத்து இல்லை.

எதிர்த்தவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பெஞ்சமின் மோஸ்லி என்ற லண்டன் மருத்துவர் இதற்கு 'மாட்டுப் பைத்தியம்' என்று பெயர் வைத்தார். வில்லியம் ரோலி என்ற இன்னொரு மருத்துவர் 1805இல் வெளியிட்ட நூலில், ஊசி போட்டதால் மாட்டு முகமாக மாறிய சிறுவன் என்று ஒரு பிள்ளையின் படத்தையே அச்சிட்டார்.

இனி நமது கேள்வி. கில்ரே யாரைப் பார்த்துச் சிரித்தார்? படத்தின் தலைப்பின் கீழ், தடுப்பூசி எதிர்ப்புச் சங்கத்தின் வெளியீடுகளைப் பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை வைத்து, அவர் கேலி செய்தது தடுப்பூசியை அல்ல, அதைப் பற்றிப் பரப்பப்பட்ட பயங்கரக் கதைகளைத்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கும் அது சாத்தியமாகவே படுகிறது. ஆனால் படம் அந்தச் சிறிய எழுத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றியது. இருநூறு வருடங்களுக்கு மேலாக, தடுப்பூசிப் பயத்தின் முகமாக நிலைத்தது இந்த மாடுகள்தான். வரைந்தவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் மனதில் தங்கியது வேறொன்று.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே நான் வேலையில் பார்த்துவிட்டேன். கோவிட் தடுப்பூசி போட்ட நாட்களில், எங்கள் ஊர் அன்ரி ஒருவர் என் முறை வந்தபோது உள்ளே வந்தார். கையை மடித்துக்கொண்டு இருந்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, வட்சப்பில் வந்த ஒரு கேலிப்படத்தைக் காட்டினார். ஊசி போட்ட மனிதனுக்கு வால் முளைத்த படம். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

"நம்புறீங்களா அன்ரி?" என்று கேட்டேன்.

"சீ, நம்பேல்லைப் பிள்ளை. சிரிப்புத்தான். ஆனா மனசுக்கை ஒட்டிப்போச்சு."

அவர் சொன்னதைவிடச் சரியாகக் கில்ரேயின் படத்தை விளக்க என்னால் முடியாது. வாதத்துக்குப் பதில் வாதம் சொல்லலாம். சிரித்த பிறகு மனதில் ஒட்டியதை வாதத்தால் உரிக்க முடியாது. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து, அவருடைய சர்க்கரை வருத்தத்தைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் கதைத்த பிறகுதான் கையை நீட்டினார். அதே காலத்தில், 2020 டிசம்பரில், பிரேசில் ஜனாதிபதி பொல்சனாரோ, ஊசி போட்டு முதலையாக மாறினால் அது உங்கள் பிரச்சினை என்று மேடையில் பேசினார். மாடு போய் முதலை வந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் மாடு முளைப்பது எல்லாம் யாருக்கு? அது பணக்காரர் வீட்டு வரவேற்பறை இல்லை. பொது மருத்துவமனை. அங்கே இருப்பவர்கள் எளிய மக்கள். பெரியம்மை வந்தால் முதலில் சாகப் போகிறவர்களும் அவர்கள்தான், படத்தில் சிரிப்புக்கு ஆளாவதும் அவர்கள்தான்.

அந்தப் படம் வெளியாகி இரண்டு நாள் கழித்து, 1802 யூன் 14 அன்று, பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் ஜென்னரின் முறையில் ஊசி பெற்ற முதல் ஆள் அந்தக் குழந்தை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாக, பாதையின் ஒரு பகுதியில் ஒருவர் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்தி, ஆள் மாற்றி ஆளாக அதைக் கொண்டுவந்தார்கள். அன்னாவின் கையிலிருந்து எடுத்தது இந்தியாவின் மற்ற இடங்களுக்குப் போயிற்று. 1980 மே மாதம் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நீண்ட சங்கிலியில் பெயர் தெரியாத எத்தனையோ கைகள். அவற்றைப் பற்றி யாரும் படம் வரையவில்லை.

வங்காளத்துக்கு ஒரு குழாய்

அடுத்து 1829. வரைந்தவர் வில்லியம் ஹீத். தலைப்பை 'அறிவின் அணிவகுப்பு' என்று தமிழில் சொல்லலாம். பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது தெரியும் படம். நீராவியால் ஓடும் குதிரை. வௌவால் சிறகு கட்டிய வானக் கப்பல், கைதிகளை நியூ சவுத் வேல்ஸுக்கு ஏற்றிச் செல்வதற்கு. ஒரு பெரிய குழாய், அதன் மேல் விளம்பரம்: வெற்றிடக் குழாய்க் கம்பனி, நேரே வங்காளத்துக்கு! உள்ளே ஏறினால் காற்று அப்படியே உறிஞ்சிக்கொண்டுபோய் இந்தியாவில் விட்டுவிடும்.

அன்று லண்டனிலிருந்து வங்காளத்துக்கு ஆபிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் போக மாதக்கணக்கில் ஆகும். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நாற்பது வருடம் இருந்தது. குழாய் ஹீத்தின் தனிக் கற்பனையும் இல்லை. ஜோன் வலன்ஸ் என்பவர் 1824இல் இப்படியொரு முறைக்குக் காப்புரிமை பெற்று, பிரைட்டன் நகரில் மாதிரிக் குழாய் அமைத்துக் காட்டியிருந்தார். கம்பனி தொடங்குகிறோம், பங்கு வாங்குங்கள் என்று தெருவுக்குத் தெரு விளம்பரம் ஒட்டிய காலம் அது. அந்த மோகத்தைத்தான் ஹீத் பிடித்துக்கொண்டார். இந்த அளவில் அவருடைய கேலி நியாயமானது.

ஆனால் படத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். தெருவில் உழைக்கும் எளிய மனிதர்கள் அன்னாசி போன்ற பண்டங்களைச் சுவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அன்னாசி சந்தையில் வாங்கும் பழம். அன்றைய இங்கிலாந்தில் அது கண்ணாடிக் கூடத்துக்குள் நெருப்பு மூட்டி வளர்த்த பிரபுக்களின் பழம். 'அறிவின் அணிவகுப்பு' என்ற தொடரே அந்தக் காலத்தில் ஒரு கிண்டல்தான். 1823இல் லண்டனில் தொழிலாளர்களுக்காக மாலை நேரக் கல்விக் கூடம் தொடங்கியது. 1826இல் மலிவு விலை அறிவு நூல்கள் வெளியிட ஒரு சங்கம் உருவானது. உடனே கேலிச்சித்திரங்களில் குப்பை அள்ளும் தொழிலாளி கையில் புத்தகத்தோடு தோன்ற ஆரம்பித்தான். குப்பை அள்ளுபவன் வாசிக்கிறான், இதைவிடச் சிரிப்பு வேறு என்ன வேண்டும் என்பதுதான் அந்த நகைச்சுவை.

இந்தச் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. "அவனெல்லாம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்" என்ற பேச்சை நம் ஊர்த் திண்ணைகளிலும் கேட்டுத்தான் வளர்ந்தோம். இயந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல் தொடங்கும் படம், இடத்தை விட்டு மேலே வர நினைத்தவனைப் பார்த்துச் சிரித்து முடிகிறது.

ஒரு துளித் தேம்ஸ்

இதே ஹீத், இதற்கு ஒரு வருடம் முன்னால், 1828இல் வரைந்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. 'அரக்கர் சூப்' என்று பெயர். தேம்ஸ் ஆற்று நீர் என்று பொதுவாக அழைக்கப்படுவது என்று கீழே விளக்கம். ஒரு சீமாட்டி நுண்நோக்கி வழியாக ஒரு துளி நீரைப் பார்த்திருக்கிறாள். அதிர்ச்சியில் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுகிறது. பக்கத்தில் பெரிய வட்டமாக அந்தத் துளி. உள்ளே பல்லும் நகமும் செதிலுமாக, விதம் விதமான பிராணிகள் நெளிகின்றன. லண்டன் தண்ணீர்க் கம்பனிகளுக்குச் சமர்ப்பணம் என்று ஒரு வரியையும் ஹீத் மரியாதையாகச் சேர்த்திருக்கிறார்.

அப்போது லண்டன் வீடுகளுக்குத் தண்ணீர் தந்தவை தனியார் கம்பனிகள். 1827இல் வந்த ஒரு துண்டு நூல், அதில் ஒரு கம்பனி செல்சி பகுதியில் கழிவுநீர் வந்து விழும் வாயின் அருகிலேயே தண்ணீர் எடுக்கிறது என்று அம்பலப்படுத்தியது. ஊரே கொதித்தது. விசாரணைக்கு ஆணைக்குழு அமைத்தார்கள். அதன் நடுவில் வந்த படம் இது.

அறிவியல்படி பார்த்தால் படம் மிகைதான். அந்த அரக்கர்கள் யாரையும் கொன்றிருக்க மாட்டார்கள். கொன்றது, அன்றைய நுண்நோக்கியில் யாரும் இனங்காணாத வாந்திபேதிக் கிருமி. 1831இல் அது இங்கிலாந்துக்கு வந்தது. ஆனால் ஹீத்தின் கோபம் போன திசை சரி. பின்னாளில் மருத்துவர் ஜோன் ஸ்நோ அதைக் கணக்குப் போட்டே காட்டினார். தென் லண்டனில் இரண்டு கம்பனிகள் ஒரே தெருக்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. ஒன்று 1852இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிச் சுத்தமான நீர் எடுத்தது. மற்றது பழைய இடத்திலேயே கழிவு கலந்த நீரை எடுத்தது. 1854இல் வாந்திபேதி வந்தபோது, இரண்டாவது கம்பனியின் தண்ணீர் குடித்த வீடுகளில் சாவு பல மடங்கு அதிகம்.

இங்கே ஒரு முரண் உண்டு. தேம்ஸ் நாறியதற்கு முன்னேற்றமும் ஒரு காரணம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நவீன மலசலகூடங்கள் வீடுகளுக்கு வந்தன. முன்பு குழியில் சேர்ந்த கழிவு இப்போது குழாய் வழியாக ஆற்றில் சேர்ந்தது. அதே ஆற்றிலிருந்து குடிநீர். 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்ற யன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்த யூலை மாதம் 'பஞ்ச்' இதழில் வந்த படத்தில், இரவு நேரத் தேம்ஸில் செத்த விலங்குகள் மிதக்க, ஒரு எலும்புக்கூடு தனியாகப் படகு வலிக்கிறது. வழிப்பறிக் கள்ளன் கேட்பதுபோல், பணமா உயிரா என்று கேட்கிறது. கழிவுநீர்க் கால்வாய்க்குச் செலவு செய்கிறீர்களா, சாகிறீர்களா என்று அர்த்தம். அடுத்த மாதமே சட்டம் நிறைவேறியது. பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் கட்டிய கால்வாய்கள் அந்த நகரத்தைக் காப்பாற்றின.

சட்டத்தைக் கொண்டுவந்தது படமா, நாற்றமா என்று கேட்டால் நாற்றம் என்றுதான் சொல்வேன். ஆனால் நாறும்போது யாரைக் கேட்க வேண்டும் என்று மக்களுக்குக் காட்டியதில் இந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. கில்ரேயின் மாடுகள் நோயாளிகளின் உடம்பில் முளைத்தன. ஹீத்தின் அரக்கர்கள் கம்பனியின் தண்ணீரில் நெளிந்தார்கள். இரண்டும் மிகைதான். ஒன்று நோயாளியைப் பின்வாங்க வைத்தது. மற்றது பொறுப்பானவர்களை முன்னே இழுத்தது.

இலங்கையிலிருந்து பியட்ரிஸ்

கடைசிப் படம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

1878 டிசம்பர். 'பஞ்ச்' இதழின் 1879ஆம் ஆண்டுச் சிறப்பு மலர். வரைந்தவர் ஜோர்ஜ் டு மொரியே, இளம் வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்று இரண்டு வருடம்தான். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி முந்தைய ஆண்டு வந்தது. எடிசன் என்ன சொன்னாலும் பத்திரிகைகள் நம்பத் தயாராக இருந்தன. அதைக் கிண்டல் செய்ய, எடிசன் கண்டுபிடித்ததாக இல்லாத கருவிகளை டு மொரியே வரைந்து தள்ளினார். போட்டுக்கொண்டால் ஆளைக் காற்றில் மிதக்க வைக்கும் உள்ளாடைகூட அதில் உண்டு.

இன்னொரு கருவியின் பெயர் 'டெலிஃபோனோஸ்கோப்'. லண்டனில் ஒரு செல்வந்தர் வீட்டுப் படுக்கையறை. வயதான தந்தையும் தாயும் கணப்படுப்பின் முன் இருக்கிறார்கள். அடுப்புக்கு மேலே சுவரை அடைத்தபடி அகன்ற திரை. திரையில் பகல் வெளிச்சத்தில் இளைஞர்கள் டென்னிஸ் விளையாடுகிறார்கள். மகள் பியட்ரிஸ் குழாய் ஒன்றைப் பிடித்துத் தந்தையோடு கதைக்கிறாள். கிட்ட வா, மெல்லமாக ஒன்று கேட்க வேண்டும் என்கிறார் அப்பா. அங்கே விளையாடும் அந்த அழகான பெண் யார் என்று விசாரிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அறிமுகம் செய்து வைக்கிறேன் என்கிறாள் மகள்.

பியட்ரிஸ் எங்கே இருக்கிறாள் தெரியுமா? இலங்கையில். படத்தின் கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் முதல்முறை இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். அகன்ற திரை, முகம் பார்த்துப் பேச்சு, இங்கே இரவும் அங்கே பகலும். நாம் ஒவ்வொரு வாரக் கடைசியும் ஊருக்குச் செய்வது இதுதானே! ஊகம் என்று பார்த்தால் இந்தப் படத்தை மிஞ்ச ஒன்றில்லை. அதன் சிரிப்பும் மென்மையானது. எடிசனைச் சற்றுச் சீண்டுகிறது, அப்பாவின் கண் போகும் இடத்தைச் சற்றுச் சீண்டுகிறது, அவ்வளவுதான். யாரையும் காயப்படுத்தவில்லை.

ஆனால் நமது கேள்வியை இங்கே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். இந்தத் திரையில் யார் தெரியவில்லை? 1878இல் இலங்கை மலைநாடு கோப்பியால் செழித்திருந்தது. 1869இல் தென்பட்ட இலைநோய் அந்தப் பயிரைத் தின்னத் தொடங்கியிருந்தாலும், ஆங்கிலேயக் குடும்பங்களின் வளவுகளும் விளையாட்டு மைதானங்களும் அந்த வருமானத்தில் நின்றன. அந்தச் செடிகளின் அடியில் நின்றவர்கள் தமிழர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்து உலுக்கியது, இலட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிழைக்க வழி தேடி ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர்.

லண்டனில் ஓர் அப்பா தன் மகளைத் திரையில் பார்ப்பதாக ஒருவர் கற்பனை செய்த அதே காலத்தில், மகள் மலைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்றே தெரியாத தகப்பன்மார் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்திருப்பார்கள். டு மொரியே அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்கள் அவருடைய கண்ணில் படவே இல்லை. தூரத்தின் வலி என்பது செல்வந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியது என்று அந்தப் படம் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது.

இன்று அந்தத் திரை நம் எல்லோர் பையிலும் இருக்கிறது. லயத்து வீட்டிலும் இருக்கிறது. அதற்கு நான் நன்றியுள்ளவள். பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளர் யாரும் உள்ளே வர முடியாத நாட்களில், படுக்கையில் இருந்த ஒரு முதியவருக்கு நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுமுனையில் வேறொரு நாட்டிலிருந்து அவருடைய பிள்ளைகள். அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கையை நேராக வைத்திருந்தேன். கையுறைக்குள் வேர்த்தது, தோள் நொந்தது. இருபது நிமிடம். டு மொரியேயின் படத்தில் திரை சுவரில் தானாக நிற்கிறது. உண்மையில் எந்தத் திரையையும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றியும், இயந்திரத் தாதிகளைப் பற்றியும் கேலிப்படங்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. வைத்தியசாலை ஓய்வறையில் நாங்களே பகிர்ந்து சிரிக்கிறோம். சிரிக்க வேண்டும், சிரிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் பகிரும் முன் இந்தப் பழைய படங்களிடம் கற்ற ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். படத்தில் மாடு யாருடைய உடம்பில் முளைக்கிறது என்று பார்ப்பேன். பயந்துபோய் நாற்காலியில் இருக்கும் பெண்ணின் உடம்பிலா, கழிவுநீரைக் குடிநீர் என்று விற்றவரின் குழாயிலா? இரண்டாவது என்றால் உடனே அனுப்புவேன். முதலாவது என்றால் என்னோடு நின்றுவிடும்.